வீட்டை இடித்தால் ஓடு குப்பையா? யார் இந்த லாரி பேக்கர்?

ஆலங்குடி பக்கம் பழைய ஓட்டு வீட்டை இடித்தால் தேக்கு நிலையும் கதவும் காரைக்குடி பழைய பொருள் கடைக்குப் போகலாம். ஆனா ஓடு? பள்ளம் நிரப்பத்தான் போகும். 2018-ல் கஜா புயல் அடித்தபோதும் அப்படித்தான், சரிந்த கூரைகளின் ஓடு குவியலாகக் கிடந்தது. அந்தக் குவியலைப் பார்த்தால் ஒருவர் மட்டும் விட்டிருக்கவே மாட்டார். அவர்தான் லாரி பேக்கர்.

யார் இவர்?

1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த கட்டடக் கலைஞர். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் சீனாவில் மருத்துவச் சேவை செய்துவிட்டுத் திரும்பும் வழியில், கப்பலுக்காக மும்பையில் காத்திருந்தார். அப்போதுதான் காந்தியைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கான பொருள் எல்லாம் அதைச் சுற்றி 5 மைலுக்குள், அதாவது சுமார் 8 கிலோமீட்டருக்குள் கிடைக்க வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். அது பேக்கர் மனதில் ஒட்டிக்கொண்டது.

1945-ல் தொழுநோயாளிகளுக்கான பணிக்காக மீண்டும் இந்தியா வந்தார். கேரளத்து மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலை ஓரத்து பித்தோராகரில் பல வருஷம் இருந்தார். படித்த படிப்பு அங்கே பெருசா உதவலை. கல், மண், மரத்தில் வீடு கட்டிய மலைவாசிகளிடம்தான் தொழில் கற்றார். பிறகு கேரளா. திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் இவர் கட்டியது. பூச்சு வேலை இல்லாத செங்கல் சுவர்களால் செலவு நன்றாகவே குறைந்தது.

ஓட்டை வைத்து என்ன செய்தார்?

கான்கிரீட் தளத்தில் பாரம் ஏறும்போது மேல்பாதி அழுத்தத்தைத் தாங்கும். கீழ்பாதியில் விழும் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே இருக்கும் கான்கிரீட்டில் பெரும்பகுதி வெறும் கனம். அந்த இடத்தில் கழித்துக்கட்டிய மங்களூர் ஓட்டை வைத்தார் பேக்கர். சிமென்ட், மணல், ஜல்லி மிச்சம். பாரம் குறைவதால் கம்பியும் மிச்சம். ஓட்டுக்கு இடையே காற்று நிற்பதால் வெக்கையும் குறையும். இதுதான் ஃபில்லர் ஸ்லாப்.

சுவரிலும் இதே கணக்குதான். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால் நான்கில் ஒரு பங்கு வரை செங்கல் மிச்சமாகும். நாலாஞ்சிறையில் இவர் கட்டிக்கொண்ட சொந்த வீட்டில் பழைய மரமும் காலி பாட்டிலும்கூட உண்டு. 1990-ல் பத்மஸ்ரீ, 2007 ஏப்ரல் 1-ல் மறைவு.

நம்ம ஊரில் செய்யலாமா?

செய்யலாம், ஆனா சும்மா அடுக்கிவிட முடியாது. கம்பிக் கணக்கைப் பொறியாளர் போட்டுத் தர வேண்டும். விரிசல் இல்லாத ஓடாகப் பொறுக்கி, தண்ணீரில் நன்றாக ஊறவைத்த பிறகே கான்கிரீட் போட வேண்டும். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.