காற்றை அளந்தவர் கடவுளை அளந்தாரா?

இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி அறிவியல் சார் சொன்னார். நான் பிளேஸ் பாஸ்கலை எடுத்துக் கொண்டேன். பாஸ்கல் விதியை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் நான் அவரை எடுத்ததற்கு அது காரணம் இல்லை.

போன வருஷம் எங்க அப்பா உடம்பு சரியில்லாமல் இறந்து போனார். அதற்கு முன்னால் அம்மா வேண்டாத சாமி இல்லை. அப்பா பிழைக்கவில்லை. ஆனாலும் அம்மா இன்னைக்கும் சாயங்காலம் ஆனா விளக்கு ஏத்துறாங்க. எனக்குக் கோபமாக வரும். ஒரு நாள், சாமி இருக்குன்னு என்ன ஆதாரம் என்று கேட்டே விட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லவில்லை. திரியைத் தூண்டி விட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. ஆனால் கேள்வி மட்டும் மனசிலேயே இருந்தது. பாஸ்கலும் இதே கேள்வியோடு இருந்தவர் என்று சார் சொன்னார். அதனால்தான் அவரைப் பற்றிப் படித்தேன்.

பாஸ்கல் 1623-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் பிரான்ஸ் நாட்டில் கிளெர்மோன் என்ற ஊரில் பிறந்தார். மூன்று வயதிலேயே தாயை இழந்தார். அக்கா கில்பெர்த், தங்கை ஜாக்லின். அப்பாவே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். மொழிப் பாடம் கெட்டுவிடும் என்று கணக்கை மட்டும் தள்ளிப் போட்டிருந்தார். ஆனால் பாஸ்கல் 12 வயதில் தரையில் கோடு போட்டு, முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்று தானாகவே கண்டுபிடித்து விட்டாராம். அவருடைய அக்கா இதை எழுதி வைத்திருக்கிறார்.

அப்பாவுக்கு வரிக் கணக்கு வேலை. ராத்திரி பகலாகக் கூட்டிக் கழிப்பார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் பாஸ்கல் 1642-ல், 19 வயதில், சக்கரங்கள் வைத்துக் கணக்குப் போடும் இயந்திரம் செய்ய ஆரம்பித்தார். சரியாக வருவதற்குள் சுமார் 50 மாதிரிகள் செய்து பார்த்தாராம். நாம் ஒரு கணக்கு இரண்டு தடவை தப்பானாலே நோட்டை மூடிவிடுகிறோம்!

அடுத்ததுதான் முக்கியமான கதை. இத்தாலியில் டாரிசெல்லி என்பவர் கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பிக் கிண்ணத்தில் கவிழ்த்தார். பாதரசம் கொஞ்சம் இறங்கி நின்று விட்டது. மேலே வெற்றிடம். இயற்கைக்கு வெற்றிடம் என்றாலே ஆகாது, அதனால் அங்கே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று பல அறிஞர்கள் சாதித்தார்கள். பாஸ்கல் ஒத்துக்கொள்ளவில்லை. நம்மைச் சுற்றி உள்ள காற்றுக்கு எடை இருக்கிறது, அதுதான் பாதரசத்தைத் தாங்குகிறது என்று நினைத்தார். அப்படியானால் மலை உச்சியில் காற்று குறைவு, பாதரசமும் கீழே இறங்க வேண்டும் அல்லவா?

அவருக்கு அடிக்கடி உடம்பு முடியாது. அப்போது அவர் இருந்தது பாரிசில். அதனால் மலைக்குப் பக்கத்தில் இருந்த அக்கா வீட்டுக்காரர் பெரியேவைப் போகச் சொன்னார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே சில பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு 1465 மீட்டர் உயரமுள்ள புய் தெ டோம் மலையில் ஏறினார். ஒரு குழாயைக் கீழே ஒரு மடத்துத் தோட்டத்தில் வைத்து, நாள் பூராவும் கவனிக்க ஒரு பாதிரியாரை உட்கார வைத்தார். கீழே பாதரசம் சுமார் 71 செ.மீ. நின்றது. உச்சியில் சுமார் 63 செ.மீ.தான்! மலை மேலே வேறு வேறு இடத்தில் ஐந்து முறை செய்து பார்த்தார்கள். ஒரே மாதிரிதான் வந்தது. கீழே இருந்த குழாயிலோ ஒரு மாற்றமும் இல்லை. காற்றுக்கு எடை உண்டு என்பது தெளிவாகி விட்டது.

இப்படி ஆதாரம் கேட்டவர் கடவுளுக்கும் ஆதாரம் கேட்டிருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவர் கேட்கவில்லை.

வெற்றிடத்தைப் பற்றி நோயல் என்ற பாதிரியாருக்கும் பாஸ்கலுக்கும் 1647-ல் கடிதத்தில் வாதம் நடந்தது. கண்ணுக்கும் அறிவுக்கும் தெளிவாகாத எதையும் உண்மை என்று அடித்துச் சொல்லக் கூடாது என்று பாஸ்கல் எழுதினார். மத நம்பிக்கையை மட்டும் இதில் சேர்க்காமல் தனியாக வைத்தார். இது சலுகை இல்லையா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரியவர்கள் சொன்னார்கள், பழைய புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக இயற்கையைப் பற்றிய கேள்வியை முடித்துவிடக் கூடாது என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார்.

1651-ல் அவருடைய அப்பா இறந்தார். 1654 நவம்பர் 23 இரவு பத்தரை மணியிலிருந்து நள்ளிரவுக்குப் பின் பன்னிரண்டரை வரை அவருக்குள் ஏதோ நடந்தது. கடவுளை உணர்ந்ததாக ஒரு காகிதத்தில் எழுதினார். அதைத் தன் மேல்சட்டையின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக் கொண்டார். சட்டை மாற்றும்போது பிரித்து அடுத்த சட்டையில் தைத்துக் கொள்வார். எட்டு வருஷம் இப்படி! அவர் இறந்த பிறகு ஒரு வேலைக்காரர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். இதோ பாருங்கள் ஆதாரம் என்று அவர் அந்தக் காகிதத்தை யாரிடமும் காட்டவே இல்லை.

கடவுளை நம்பாதவர்களுக்காக ஒரு புத்தகம் எழுத நினைத்துத் துண்டுத் துண்டாகக் குறிப்பு எழுதினார். அது அவர் இறந்த பிறகு 1670-ல் வெளிவந்தது. நிலாவையும் பறவையையும் காட்டிக் கடவுளை நிரூபிக்கப் பார்த்தால் நம்பாதவர்கள் சிரிப்பார்கள் என்று அவரே அதில் சொல்கிறார். கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிவால் முடிவு செய்ய முடியாது, பூவா தலையா போடுவது மாதிரிதான், ஆனால் வாழ்கிறவன் ஏதாவது ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும், உண்டு என்ற பக்கம் நின்றால் கிடைப்பது அளவில்லாதது, போவது கொஞ்சம் என்று கணக்குப் போட்டார். இதை என் தோழியிடம் சொன்னேன். எந்தச் சாமி பக்கம் நிற்பது, உலகத்தில் எத்தனையோ சாமி இருக்கே என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. அந்தக் கணக்கில் இதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1656-ல் பாஸ்கலின் அக்கா மகள், 10 வயதுச் சிறுமி, கண்ணில் சீழ் வைத்த நோயிலிருந்து திடீரென்று குணமானாள். மடத்தில் இருந்த ஒரு புனித முள் பட்டதால்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். பாஸ்கலும் அற்புதம் என்றே நம்பினார். இதைப் படித்ததும் எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. ஒருத்தி பிழைத்தது சாமி இருப்பதற்கு ஆதாரம் என்றால், எங்க அப்பா பிழைக்காதது எதற்கு ஆதாரம்? தராசு என்றால் இரண்டு தட்டிலும் வைக்க வேண்டும்.

நிறைய நாள் யோசித்தேன். பாஸ்கலின் அம்மாவும் அப்பாவும் இறந்தார்கள். அவரே வாழ்நாள் பூராவும் வலியோடு இருந்தார். இதையெல்லாம் அவர் கடவுள் இல்லை என்பதற்கு ஆதாரமாக எடுக்கவில்லை. அப்படியென்றால் அக்கா மகள் குணமானதாலும் அவர் நம்பிக்கை வந்திருக்காது. அது அதற்கு முன்னாலேயே சட்டைக்குள் இருந்தது. அவர் நம்பிக்கை பாதரசம் மாதிரி ஏறி இறங்கவில்லை. மருந்து வேலை செய்யுமா, காற்றுக்கு எடை உண்டா என்றால் கட்டாயம் ஆதாரம் வேண்டும். அங்கே சாமியைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. ஆனால் ஒரு மனுஷன் துக்கத்தில் எதைப் பிடித்துக் கொண்டு நிற்கிறான் என்பதை அந்தக் குழாயால் அளக்க முடியாது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

கடைசிக் காலத்தில் பாஸ்கல் ஓர் ஏழைக் குடும்பத்தைத் தன் வீட்டில் தங்க வைத்திருந்தார். அந்த வீட்டுக் குழந்தைக்கு அம்மை கண்டது. அவரைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவின் பிள்ளைகளுக்கும் தொற்றிவிடுமோ என்ற பயம். நோயான குழந்தையை வெளியே அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. தானே வீட்டை விட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பவே இல்லை. 1662 ஆகஸ்ட் 19 அன்று 39 வயதில் இறந்தார். அழுத்தத்தின் அலகுக்கு 1971-ல் அவர் பெயரை வைத்தார்கள்.

அவர் கடவுளைப் பற்றி எழுதியதை விட அந்தக் குழந்தைக்கு வீட்டைக் கொடுத்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது சாயங்காலம் அம்மா விளக்கு ஏத்தும்போது நான் ஆதாரம் கேட்பதில்லை. எண்ணெய் ஊற்றித் தருகிறேன். நான் கும்பிடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் ஒரு தாளில் எழுதி இதற்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி