விலையில் சேராத கணக்கு

பொருளியல் வகுப்பில் புறவிளைவுகள் என்ற பாடம் வரும்போதெல்லாம், பாடநூலில் உள்ள ஆலைப்புகையை ஒதுக்கிவிட்டு ரேச்சல் கார்சனைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாமவர் தலையில் விழும் செலவுக்குப் பேச்சு வராத குழந்தையைவிடப் பொருத்தமான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1907-இல் பிறந்தவர் கார்சன். விலங்கியலில் முதுகலை முடித்தார். முனைவர் பட்டத்தைத் தொடர குடும்பத்தின் வறுமை இடம்தரவில்லை. அரசின் மீன்வளத் துறையில் பணியாற்றினார். கடலைப் பற்றி 1951-இல் எழுதிய நூல் பெரும்புகழ் தரவே, மறு ஆண்டு வேலையை விட்டார். 1957-இல் அக்காள் மகள் இறந்தபோது, அவருடைய சிறுவயது மகனைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தார்.

1962-இல் வெளிவந்த 'மௌன வசந்தம்' என்றதும் பலருக்கும் பறவைகளே நினைவுக்கு வரும். என்னை உலுக்கியவை குழந்தைகள் வரும் பக்கங்கள். வெனிசுவேலாவில் ஒரு வீட்டில் கரப்பான்பூச்சிக்காக எண்ட்ரின் தெளித்தார்கள். ஒரு வயதுக் குழந்தையையும் நாயையும் முன்னதாகவே வெளியேற்றி, தரையைக் கழுவிய பிறகே உள்ளே அழைத்து வந்தனர். நாய் இறந்தது. அன்றிரவே குழந்தைக்கு வாந்தி, வலிப்பு. பிறகு நினைவே திரும்பவில்லை. ஃபுளோரிடாவில் பாரத்தியான் இருந்த வெற்றுப் பையை எடுத்து ஊஞ்சலைச் சரிசெய்த இரு சிறுவர்கள் இறந்தனர். தாய்ப்பாலிலும் டிடிடி கலந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை நம்மைவிட மிகுதியாக உண்கிறது, மூச்சிழுக்கிறது. தரையில் தவழ்ந்த கையை வாயில் வைக்கிறது. நஞ்சை முறிக்கும் ஈரலோ இன்னும் முதிரவில்லை.

மலேரியாத் தடுப்புக்காக எங்கள் வீட்டுச் சுவரில் டிடிடி அடித்துவிட்டுப் போவார்கள். அந்த வெண்படலத்தில் விரலால் கோடு கிழித்து விளையாடியவன் நான்.

வேதித்தொழில் நிறுவனங்கள் அவரை உணர்ச்சிவசப்பட்ட பெண் என்று ஏளனம் செய்தன. பூச்சிக்கொல்லியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. கண்மூடித்தனமாகத் தெளிப்பதையே எதிர்த்தார். இன்றும் அவரைத் தூற்றுவோர் அந்நூலைப் படித்தார்களா என்று ஐயுறுகிறேன். 1963 மே மாதம் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது. அடுத்த மாதம் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அப்போது மார்பகப் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. சொந்த நோயால் எழுந்த கோபம் என்று எதிரிகள் திரிப்பார்களே என அஞ்சி அதை மறைத்தே வைத்திருந்தார்.

1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் காலமானார். வளர்ப்பு மகனுக்கு அப்போது வயது 12. அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்ய மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின.