ஆக்டன் நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர்

பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் துப்பாக்கிகளைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு 2019-ஆம் ஆண்டின் ஒரு சட்டத் திருத்தம் காரணம். உரிமம் பெற்ற ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த ஆயுதச் சட்ட விதி, அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டாகக் குறைக்கப்பட்டது. கூடுதலாக இருப்பதை ஓராண்டுக்குள் ஒப்படைத்தாக வேண்டும்.

தியாகராய நகரில் எங்கள் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் நண்பர் ஒருவரிடம் சரியாக மூன்று இருந்தன. மூன்றும் வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்த அவர் தந்தையின் சொத்து. எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டு அவர் என்னிடம் வந்தார். பொருளாதாரம் படித்தவனுக்கு எல்லாப் பொருளின் விலையும் தெரியும் என்பது நண்பர்களின் பழைய நம்பிக்கை. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் புகுந்தபோதுதான் மூன்றில் ஒன்றை உருவாக்கிய மனிதரின் வாழ்க்கை என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் ஜான் மோசஸ் பிரவுனிங்.

1855 ஜனவரியில் அமெரிக்காவின் யூட்டா பகுதியிலுள்ள ஆக்டன் நகரில் பிறந்தவர். தந்தை ஜோனதன், மார்மன் சமயத்தைத் தழுவிய துப்பாக்கிக் கொல்லர். மூன்று மனைவியர், 22 பிள்ளைகள். தந்தையின் பட்டறையே ஜானுக்குப் பள்ளிக்கூடம். சிறுவனாக இருக்கும்போதே பட்டறையில் கழித்துப் போட்ட இரும்பைக் கொண்டு சுடக்கூடிய ஒரு துப்பாக்கியைச் செய்தவர். 1879-இல் ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு முதல் காப்புரிமை பெற்றார். தந்தை காலமானதும் அதே ஆண்டில்தான். சகோதரர்கள் சேர்ந்து சிறு தொழிற்கூடம் அமைத்து அந்த ரைஃபிளைச் சில நூறு எண்ணிக்கையில் செய்து விற்றார்கள்.

அவற்றுள் ஒன்று நாட்டின் மறுகோடியிலிருந்த வின்செஸ்டர் நிறுவனத்தின் கண்ணில் பட்டது. அதன் மேலாளர் பென்னட் 1883-இல் ரயிலேறி ஆக்டனுக்கே வந்து, 8,000 டாலருக்கு உரிமையை விலைக்கு வாங்கினார். அன்று தொடங்கிய உறவு 19 ஆண்டுகள் நீடித்தது. பிரவுனிங் வடிவமைப்பார், வின்செஸ்டர் ஒரே தொகை கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொள்ளும். இவ்வாறு வாங்கப்பட்ட வடிவமைப்புகள் 44 என்றும், அவற்றுள் பத்து மட்டுமே உற்பத்திக்கு வந்தன என்றும் சொல்லப்படுகிறது. மற்றவை அலமாரியில் உறங்கின. அவை போட்டியாளரின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கொடுத்த விலை அது. வகுப்பறையில் முற்றுரிமை பற்றிப் பாடம் நடத்திய நாள்களில் இந்த உதாரணம் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வருந்தினேன்.

அந்தப் பத்தில் ஒன்று தமிழ் மண்ணோடு தொடர்புடையது. ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் தோளில் சுமந்தது வின்செஸ்டர் 1895 மாதிரி .405 ரைஃபிள். அதன் வடிவமைப்பு பிரவுனிங்குடையது. ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் விசைக்குக் கீழுள்ள நெம்புகோலைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய வகை அது.

அந்த நெம்புகோல் வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளாதா என்ற கேள்வி பிரவுனிங்குக்கு 1889 வாக்கில் எழுந்தது. துப்பாக்கி சுடும் களத்தில், குழலின் வாயிலிருந்து பீறிட்ட காற்றில் எதிரே நின்ற கோரைப்புற்கள் விலகிச் சாய்வதைக் கண்டார் என்பது அவர் வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் காட்சி. ஒவ்வொரு முறையும் வீணாகும் ஓர் ஆற்றல் அது. அந்த வாயுவைக் கொண்டு இயங்கும் இயந்திரத் துப்பாக்கி முதலில் வந்தது. பிறகு பின்னுதைப்பைப் பயன்படுத்தும் வேட்டைத் துப்பாக்கிகள் வந்தன. சுட்டவுடன் குழலும் அடைப்பும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு பின்னால் நகரும். பின்னர் குழல் மட்டும் முன்னே திரும்பும். அந்த இடைவெளியில் வெற்றுத் தோட்டா வெளியே எறியப்படும். பின்தொடரும் அடைப்பு அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா மட்டுமே வெடிக்கும் என்பதால் இதை அரைத் தானியங்கி என்கிறோம்.

இந்த முறையில் செய்த ஐந்து தோட்டாத் துப்பாக்கியை அவர் வின்செஸ்டருக்குக் கொண்டுசென்றபோது முதன்முறையாக நிபந்தனை விதித்தார். மொத்த விலை வேண்டாம். விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உரிமைத் தொகை வேண்டும் என்றார். பென்னட் மறுத்துவிட்டார். நாற்பது தாண்டிய கைவினைஞர் ஒருவர் தம் படைப்பின் எதிர்கால வருவாயில் பங்கு கேட்டதும், அதைக் கொடுத்துப் பழக்கமில்லாத நிறுவனம் முகம் திருப்பிக்கொண்டதும் இன்றைய நம் திரையிசைக்கும் மென்பொருளுக்கும் புதிய கதையன்று.

பிரவுனிங் அடுத்து ரெமிங்டன் நிறுவனத்தின் வாசலுக்குப் போனார். அது 1902 ஜனவரி. சந்திப்பதற்காக வெளியே காத்திருந்த வேளையில், நிறுவனத் தலைவர் ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துபோன செய்தி வந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கப்பலேறி, பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் ஊரிலுள்ள எஃப்.என். தொழிற்சாலைக்குச் சென்றார். அவருடைய கைத்துப்பாக்கியை ஏற்கெனவே தயாரித்துவந்த நிறுவனம் அது. நிபந்தனையை ஏற்றது. அந்தத் துப்பாக்கியின் உற்பத்தி இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாய் வரை தொடர்ந்தது.

வின்செஸ்டருக்கு இதில் ஒரு தண்டனையும் கிடைத்தது. பிரவுனிங்கின் காப்புரிமை ஆவணத்தை ஓட்டையில்லாமல் தயாரித்துக் கொடுக்க உதவியது அவர்களுடைய ஆட்களே! அதை மீறாமல் சொந்தமாக ஒரு தானியங்கித் துப்பாக்கியைக் கொண்டுவர 1911 வரை ஆயிற்று. பிரவுனிங் வைத்திருந்த கைப்பிடியை வைக்க முடியாமல், குழலையே கையால் பிடித்துத் தள்ளித் தோட்டா ஏற்றும்படி அதை அமைத்தார்கள். விபத்துகள் நேர்ந்தன.

ரெமிங்டனும் பின்னர் அவரிடம் உரிமம் பெற்றது. 1906-இல் அந்நிறுவனம் வெளியிட்ட தானியங்கி ரைஃபிள், 1911 முதல் எட்டாம் மாதிரி என்று பெயர் பெற்றது. குழலைச் சுற்றி இன்னொரு உறைக்குழல் இருக்கும். உள்ளே குழல் பின்னும் முன்னும் ஓடும். 1936 வரை சுமார் 80,000 செய்யப்பட்டன. எண்ணிக்கை இவ்வளவு இருந்தும், தொழிற்சாலையை விட்டு வந்த நிலையிலேயே இருப்பவற்றைச் சேகரிப்பாளர்கள் அரிதென்று தேடுகிறார்கள். காரணம் எளியது: அவை உழைத்த கருவிகள். வேட்டைக்காரர்கள் தொலைநோக்கி பொருத்தத் துளையிட்டார்கள்; கட்டையின் அடியை அறுத்து ரப்பர் வைத்தார்கள்; மங்கியபோது தேய்த்து மெருகேற்றினார்கள்.

அசல் நிலையை எப்படி அறிவது என்பதை நான் நண்பரின் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு கற்றேன். அது ரைஃபிள் அல்ல. அதே பிரவுனிங்கின் பெல்ஜிய ஐந்து தோட்டாத் துப்பாக்கி. முதுகு சதுரமாக நிமிர்ந்திருப்பது அதன் அடையாளம். குழலில் ஹெர்ஸ்டால் முகவரியும் லியேஜ் சோதனைச் சாலையின் சிறு முத்திரைகளும் கூர்மையாக இருக்க வேண்டும். தேய்த்தவை என்றால் எழுத்தின் ஓரங்கள் கரைந்திருக்கும். உலோகத்தின் விளிம்புகளை விரலால் தடவினால் அசல் கூர்மை தெரியும். மரம் உலோகத்தைவிட மயிரிழை உயர்ந்தோ சமமாகவோ நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். திருகாணிகளின் பிளவுகள் சிதைந்திருக்கக் கூடாது. வரிசை எண்கள் ஒத்துப்போக வேண்டும்.

நண்பரின் துப்பாக்கி ஏறத்தாழ எல்லாச் சோதனையிலும் தோற்றது. இருபது ஆண்டுகளுக்கு முன், தந்தை நினைவாகப் புதிதுபோல் ஆக்கித் தரச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் சொன்னதைச் செய்து கொடுத்துவிட்டார்கள். எழுத்துகள் பாதி மறைந்து, குழல் கண்ணாடிபோல் மின்னியது. அன்பினால் செய்த செலவு பொருளின் மதிப்பைக் குறைத்திருந்தது. இதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பிரவுனிங்கின் கைத்துப்பாக்கிகளின் கதை வேறு. 1909-இல் சாவர்க்கர் லண்டனிலிருந்து ரகசியமாக அனுப்பிய 20 கைத்துப்பாக்கிகள் பிரவுனிங் வகையைச் சேர்ந்தவை. அந்த ஆண்டு டிசம்பரில் நாசிக்கில் ஆட்சியர் ஜாக்சன் கொல்லப்பட்டது அவற்றுள் ஒன்றால். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டதும் பெல்ஜியத்து பிரவுனிங்கால்தான். மூன்றாண்டுகள் கழித்து சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றதும் ஹெர்ஸ்டாலில் செய்ததே. ஒருவர் பார்வையில் வீரம், இன்னொருவர் பார்வையில் கொலை. கொல்லருக்கு இரண்டிலும் உரிமைத் தொகை ஒன்றே. அவர் இதைப் பற்றி என்ன நினைத்தார் என்பதைவிட, நாம் ஏன் அவரிடம் மட்டும் கேட்கிறோம் என்பதே எனக்குள் எழுந்த கேள்வி.

கணக்குப் பார்க்கத் தெரிந்த அவர் ஒருமுறை கணக்கை விட்டதும் உண்டு. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு அவருடைய இயந்திரத் துப்பாக்கிகளைத் தயாரிக்கும் உரிமைக்கு 7,50,000 டாலர் தர முன்வந்தது. வழக்கமான உரிமைத் தொகை ஒரு கோடி டாலரைத் தாண்டியிருக்கும் என்பது பிற்காலக் கணக்கு. பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

1926 நவம்பர் 26 அன்று ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில், மகன் வாலின் அறையில், இதயம் நின்று இறந்தார். 128 காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. முடிக்காமல் விட்ட கைத்துப்பாக்கியை பெல்ஜியர் சேவ் முடித்து 1935-இல் வெளியிட்டார். அதன் வடிவம்தான் இன்றும் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் நம் ராணுவத்துக்காக உருவான 9 மி.மீ. கைத்துப்பாக்கி.

நண்பர் என்ன செய்தார் என்றால், விலை போகக்கூடிய, யாரும் கை வைக்காத ஆங்கிலேய இரட்டைக்குழல் துப்பாக்கியை விற்றுவிட்டார். தேய்த்துக் கெடுத்த பிரவுனிங்கை வைத்துக்கொண்டார். கட்டையில் தந்தையின் கன்னம் பட்டுக் கறுத்த இடத்தைப் பட்டறைக்காரர் எப்படியோ தேய்க்காமல் விட்டிருந்தார். 1972-இன் வனவிலங்குச் சட்டத்திற்குப் பின் அதைக் கொண்டு வேட்டையாட வழியில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். பெங்களூரிலிருக்கும் மகளுக்கு அதில் விருப்பமில்லை. அடுத்த புதுப்பித்தலுக்கு விண்ணப்பம் எழுதித் தரும்படி என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார்.