ஏ. கே. செட்டியார்

ஏ. கே. செட்டியார் (நவம்பர் 4, 1911 – செப்டம்பர் 10, 1983) தமிழ்ப் பயண இலக்கிய முன்னோடி, இதழாசிரியர், ஆவணப்பட இயக்குநர். இயற்பெயர் கருப்பன். மகாத்மா காந்தி பற்றிய முழுநீள ஆவணப்படத்தை 1940 இல் வெளியிட்டவர். உலகம் சுற்றிய தமிழன் எனப் புகழ்பெற்றிருந்தும், அப்படத்தில் தம்மை முன்னிறுத்திக் கொள்ளவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு

செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்தார். இரங்கூனிலிருந்து வெளிவந்த தனவணிகன் இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 1943 முதல் குமரி மலர் என்னும் மாத இதழை நடத்தினார்.

காந்தி ஆவணப்படம்

1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலில் இப்படம் பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று காந்தியின் பிறந்தநாள். அப்போது செட்டியாருக்கு வயது இருபத்தைந்து. அடுத்த மூன்றாண்டுகளில் நெடும்பயணம் செய்து, முப்பது ஆண்டுக் காலத்தில் நூறு ஒளிப்பதிவாளர்கள் வரை எடுத்திருந்த சுமார் 50,000 அடி படச்சுருளைத் திரட்டினார். தென்னாப்பிரிக்காவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்று புதிய காட்சிகளையும் படமாக்கினார். இவற்றைச் சுருக்கிய 12,000 அடிப் படம் 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னை ராக்சி திரையரங்கில் வெளியானது.

பின்னணி உரை

பல நாடுகளில், பல காலங்களில், பலர் எடுத்த துண்டுகளைக் கோத்த படம் இது. பழைய சுருள்களிற் பல ஒலியற்றவை. இவற்றை இணைக்க, திரையில் தோன்றிப் பேசும் தொகுப்பாளர் ஒருவரை அமைப்பது ஒரு வழி. அதற்குச் செட்டியாரே பொருத்தமானவராகவும் இருந்திருப்பார். காட்சிகளைத் தேடி அலைந்த கதையே சுவையானது. ஆனால் படம் அவ்வழியில் செல்லவில்லை. அக்காலச் செய்திப்படங்களைப் போலவே, முகம் காட்டாத குரலின் விளக்கவுரை காட்சிகளை இணைத்தது.

இம்முறையில் நடைமுறைப் பயனும் உண்டு. தொகுப்பாளர் திரையில் பேசினால் மொழி மாறும்போது அக்காட்சிகளை மீண்டும் எடுக்க வேண்டும், அல்லது உதட்டசைவுக்கு ஏற்பக் குரல் சேர்க்க வேண்டும். விளக்கவுரை மட்டுமெனில் ஒலித்தடத்தை மாற்றினால் போதும். தமிழைத் தொடர்ந்து தெலுங்கு வடிவமும், 1947 இல் தில்லியில் இந்தி வடிவமும் வெளியாயின. 1953 இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் வெளியிடப்பட்டது; அதற்குக் குரல் கொடுத்தவர் அமெரிக்க இதழாளர் குவென்டின் ரெனால்ட்ஸ்.

எனினும் இதனால் ஓர் இழப்பும் நேர்ந்தது எனலாம். காட்சிகள் யாரிடம், எப்படிக் கிடைத்தன என்பதைப் படம் பார்த்தவர்கள் அறிய வழியில்லை. படைத்தவரின் முகமும் மக்கள் நினைவில் பதியவில்லை. இக்குறையைப் பிற்காலத்தில் செட்டியார் எழுத்தில் ஓரளவு ஈடுசெய்தார். படம் உருவான வரலாற்றைக் குமரி மலரில் தொடராக எழுதினார். தன்மை ஒருமையை இயன்றவரை தவிர்ப்பது அவரது நடை. தமது அனுபவத்தைக் கூறும் இக்கட்டுரைகளிலும் அதே அடக்கத்தைக் காணலாம்.

மீட்பு

படம் நெடுங்காலம் காணக் கிடைக்காமல் இருந்தது. வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்த அத்தொடர், அண்ணல் அடிச்சுவட்டில் என்ற பெயரில் 2003 இல் நூலாக வெளிவந்தது. அதன் பின்னரே, அவரது தேடலின் பயனாக, சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில வடிவத்தின் படி ஒன்று கண்டறியப்பட்டது.