காசில் ஏறிய வால் நட்சத்திரம்

ரோம் நகரில் கி.மு. 63-ம் ஆண்டு பிறந்தான் ஆக்டேவியஸ். நான்கு வயதில் தந்தையை இழந்தான். அடிக்கடி நோயில் விழும் மெலிந்த உடம்பு. ஆனால், அவனது பாட்டியின் சகோதரர் சாதாரண ஆள் அல்ல. ரோமையே ஆட்டிப் படைத்த ஜூலியஸ் சீசர்!

கி.மு. 44-ல் சீசர் கொலை செய்யப்பட்டார். கடல் கடந்து படித்துக் கொண்டிருந்த ஆக்டேவியஸுக்குச் செய்தி வந்தது. சீசர் தன் உயிலில் அவனையே மகனாகத் தத்தெடுத்திருந்தார். அப்போது அவனுக்கு வயது 18. உயிருக்கு ஆபத்து, அந்த உரிமையே வேண்டாம் என்று பெற்ற தாயே தடுத்தாள். அவன் கேட்கவில்லை, துணிந்து ரோமுக்குப் புறப்பட்டான்.

அங்கே சீசரின் நினைவாக விளையாட்டுப் போட்டிகள் நடத்தினான். அப்போது ஏழு நாட்கள் வானில் ஒரு வால் நட்சத்திரம் தெரிந்தது. சீசர் தெய்வமாகி விட்டார் என்று மக்கள் நம்பினர். அப்படியானால் தத்துப்பிள்ளை யார்? தெய்வத்தின் மகன் அல்லவா!

கி.மு. 31-ல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியையும் கிளியோபாட்ராவையும் வென்றார். கி.மு. 27-ல் அகஸ்டஸ் என்ற பட்டம் பெற்று, ரோமின் முதல் பேரரசர் ஆனார்.

அச்சிட்ட செய்தித்தாள் இல்லாத காலம் அது. பேரரசின் மூலை முடுக்கெல்லாம் செய்தி போவது எப்படி? கைக்குக் கை மாறும் காசுகள்தான் தூது சென்றன! உலக உருண்டை மீது நிற்கும், சிறகு முளைத்த வெற்றி தேவதை, யாழ் ஏந்திய அப்பல்லோ, ஆட்டுத் தலையும் மீன் வாலும் கொண்ட மகரம், எகிப்தை வென்றதைச் சொல்லும் முதலை என விதவிதமான உருவங்கள். அந்த வால் நட்சத்திரமும் வெள்ளிக் காசில் ஏறியது.

அகஸ்டஸுக்கு மகன் இல்லை. மகளின் பிள்ளைகள் கையஸ், லூசியஸ் இருவரையும் தத்தெடுத்து வளர்த்தார். கேடயங்களுடனும் ஈட்டிகளுடனும் அவர்கள் நிற்கும் காசுகளை வெளியிட்டார். தனக்குப் பின் யார் என்பதை உலகுக்குச் சொன்ன காசு அது. ஆனால், கி.பி. 2-ல் லூசியஸும், கி.பி. 4-ல் கையஸும் இளம் வயதிலேயே இறந்தனர். தாத்தா மனம் உடைந்து போனார். மனைவியின் மகன் திபேரியஸைத் தத்தெடுத்தார்.

கி.பி. 14-ல் தம் 75-ம் வயதில் அகஸ்டஸ் மறைந்தார். அவரையும் தெய்வம் என்று அறிவித்தது ரோம் செனட். அதன்பின் வந்த காசுகளில், கதிர் வீசும் கிரீடத்துடன் அவரே காட்சி தந்தார்.

மிளகு வாங்க வந்த வணிகர்களோடு ரோமானியக் காசுகள் தமிழகத்துக்கும் வந்தன. கோவை, கரூர் பகுதிகளில் அகஸ்டஸின் வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. கையஸும் லூசியஸும் நிற்கும் காசுகள் இந்தியாவில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அரியணை ஏறாத அந்தப் பேரப் பிள்ளைகள், காசில் மட்டும் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றனர்!