ஜி. டி. நாயுடு அவர்களின் வாழ்க்கையும் மோட்டார் வண்டியின் நோயறியும் முறையும்

நோய்களுள் இருவகை உண்டு. என்றும் உடனிருந்து வருத்துவது ஒன்று. ஒருநாள் தோன்றி மறுநாள் மறைந்து, மருத்துவன் வருங்கால் ஒளிந்துகொள்வது மற்றொன்று. முன்னதைக் கண்டறிதல் எளிது. பின்னதைக் கண்டறிதல் மிக அரிது. மனித உடம்புக்குரிய இவ்வியல்பு மோட்டார் வண்டிக்கும் உண்டு. விடியற்காலையில் முதல் முயற்சியிலேயே உறுமி எழுந்த வண்டி, நண்பகலில் சந்தையினின்று திரும்பும் வேளையில் எத்துணை முயன்றும் எழாது. மெக்கானிக்கை அழைத்து வந்து காட்டினாலோ, ஒரு குறையும் அறியாதது போல உடனே எழுந்து ஓடும். உடையவன் நாணுவான், மெக்கானிக் நகைப்பான், நோய் மட்டும் உள்ளேயே இருக்கும்.

இத்தகைய நோயின் மூலத்தைப் பொறுமையுடன் நாடும் அறிவே பொறியறிவின் உயிர்நாடி எனலாம். அவ்வறிவைப் பள்ளியிற் கல்லாது, பொறியையே ஆசிரியனாகக் கொண்டு கற்ற பெரியார் ஒருவர் நம் கொங்கு நாட்டில் தோன்றினார். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு என்று உலகம் அறிந்த கோபாலசாமி துரைசாமி நாயுடு அவர்களே அவர். அவர்தம் வரலாற்றையும், அதினின்று நாம் கற்கத்தக்க முறையையும் நம் மாணாக்கர்க்குச் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

கருமத்தம்பட்டியினின்று சூலூர் வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் கலங்கல் என்னும் சிற்றூரைக் காண்பர். அவ்வூரில் உழவுத்தொழில் செய்து வந்த குடும்பத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் நாயுடு அவர்கள் பிறந்தார். குழவிப் பருவத்திலேயே அன்னையை இழந்தார். பள்ளியில் அவருக்கு நாட்டம் செல்லவில்லை. ஆசிரியர் முகத்தில் மணலை வாரி இறைத்துப் பள்ளியினின்று நீங்கினார் என்று அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். ஏட்டுக் கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஆயினும் கண்ணாற் கண்டதையும் கையால் தொட்டதையும் ஆராயும் வேட்கை நின்றிலது.

இருபதாம் வயதை ஒட்டிய காலத்தில் ஒருநாள் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் ஏறி அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் வண்டியைக் கண்ட இளைஞர் உள்ளம் அதன்பாற் சென்றது. அதனை எவ்வாறேனும் பெறவேண்டும் என்று துணிந்து கோயமுத்தூருக்குச் சென்று, ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வந்து மகிழ்வதோடு நின்றாரல்லர். வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். எந்த உறுப்பு எதற்காக அமைந்தது, எது இல்லையேல் எது நடவாது என்பதனை இவ்வாறே அறிந்தார். அவருக்கு வாய்த்த முதற் கல்லூரி அம்மோட்டார் சைக்கிளே என்று கூறுதல் மிகையாகாது. பின்னர்ச் சில காலம் மெக்கானிக்காகவும் பணிபுரிந்தார்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

அதன்பின் பஞ்சுத் தொழிலில் புகுந்து திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை ஒன்றை நடத்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பெரும்பொருள் ஈட்டினார். பம்பாய்ப் பஞ்சுச் சந்தையில் இறங்கி, ஈட்டிய பொருளை இழந்து வெறுங்கையராய்த் திரும்பினார். நாம் எண்ணிப் பார்க்கின், உழைப்பால் வந்த பொருள் விலையேற்றத்தை நம்பியதனால் போயிற்று என்பது புலப்படும். அவரோ சோர்ந்து அமரவில்லை. தமக்கு நன்கு தெரிந்த பொறித்தொழிலுக்கே மீண்டார்.

கோயமுத்தூரில் ஆலைத் தொழிலை வளர்த்த இராபர்ட் ஸ்டேன்ஸ் துரை அவருக்கு உதவிக்கரம் நீட்டினார். அவ்வுதவியைக் கொண்டு 1920-ஆம் ஆண்டில் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டலானார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. அந்த ஒற்றைப் பஸ்ஸே பின்னாளில் யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்னும் பெருநிறுவனமாக வளர்ந்து, நாட்டின் சிறந்த பஸ் நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது.

பஸ் தொழிலின் இடர்

ஒரே பஸ் உடையவன் நிலையை மாணாக்கர் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொள்ளாச்சியினின்று உடுமலைப்பேட்டை வழியே பழனிக்கு ஏறத்தாழ 40 மைல். முருகன் திருக்கோயிலுக்குச் செல்வோரும், சந்தைக்குச் செல்வோரும் வண்டியை நம்பி நிற்பர். வண்டி ஒருநாள் எழாவிடின் அன்றைய வரும்படி போம். மூன்று நாள் எழாவிடின் பயணிகளின் நம்பிக்கை போம். அதன்பின் கடன் தீர்க்க வழியில்லை. எப்போதும் எழாத வண்டியைப் பட்டறையில் விட்டுப் பழுது தீர்க்கலாம். சில வேளை எழுந்து சில வேளை எழாத வண்டியோ, இன்று தீர்ந்தது என்று நம்பச் செய்து, நாளை நடுவழியிற் கைவிடும். ஆதலின் அத்தகைய வண்டியின் நோயறிதல் பஸ் தொழிலுக்கு இன்றியமையாத கல்வியாயிற்று.

நோயறியும் முறை

பெட்ரோல் எஞ்சின் எழுவதற்கு மூன்று வேண்டும். பெட்ரோலும் காற்றும் உரிய அளவிற் கலத்தல் ஒன்று. அக்கலவை சிலிண்டரினுள் நன்கு அழுத்தப்படுதல் இரண்டு. உரிய நொடியில் பிளக்கில் தீப்பொறி எழுதல் மூன்று. இவற்றோடு எஞ்சினை முதலிற் சுழற்றும் ஆற்றலும் வேண்டும். பண்டு அதனைக் கைப்பிடி கொண்டு மனிதன் செய்தான். பின்னர் பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்யலாயின. விட்டுவிட்டு வரும் நோய் இந்நான்கனுள் ஒன்றில்தான் பெரும்பாலும் மறைந்திருக்கும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு, நோயைத் தெளிந்த பின்னரே அதன் மூலத்தையும் தீர்க்கும் வழியையும் நாடவேண்டும் என்பது. பொறி மருத்துவனுக்கும் அதுவே விதி. முதற்கண் நோய் எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுதல் வேண்டும். குளிர்ந்த வண்டியிலா, சூடேறிய வண்டியிலா? மழை நாளிலா, வெயில் நாளிலா? எழாத வண்டி எத்துணை நேரம் நின்றபின் எழுகிறது? ஸ்டார்ட்டர் சுழன்றும் எஞ்சின் எழவில்லையா, அன்றிச் சுழலவேயில்லையா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்தால் பாதி நோய் வெளிப்பட்டதாகும்.

சில சான்றுகள் காட்டுவோம். வண்டி சூடேறியபின் நின்று, அரைமணி நேரம் ஆறியபின் எழுமாயின், குழாயில் பெட்ரோல் ஆவியாகி வழியடைத்திருக்கலாம். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி இட்டவுடன் எழுமேல் இவ்வையம் வலுப்பெறும். சூட்டினால் விரிந்து தொடர்பறும் இக்னிஷன் காயிலும், பழுதுற்ற கண்டென்சரும் இதே குறியைக் காட்டும். அப்போது தீப்பொறி உண்டா என்று காணின் வேறுபாடு விளங்கும். பெட்ரோல் தொட்டி மூடியிலுள்ள சிறு துளை தூசியால் அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் தோன்றி ஓட்டம் தடைப்படும். மூடியைத் திறந்தவுடன் காற்று உட்புகும் ஓசை கேட்கும், வண்டியும் எழும். மழைநாளில் மட்டும் எழாத வண்டியில் பிளக்குக்குச் செல்லும் கம்பிகளில் ஈரம் படிந்து மின்சாரம் வழிமாறியிருத்தல் கூடும்.

ஸ்டார்ட்டர் சுழலவில்லையெனின் பேட்டரி முனைகளை நோக்கவேண்டும். முனையில் களிம்பு ஏறித் தொடர்பு தளர்ந்திருப்பின், மெக்கானிக் கை பட்ட அளவிலே கம்பி சிறிது அசைந்து தொடர்பு பெறும், வண்டி எழும். மெக்கானிக் வந்தால் நோய் ஒளிவதன் மருமம் பெரும்பாலும் இதுவே. பேட்டரி நன்றாயிருந்தும், ஃபிளைவீலின் பற்கள் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்திருப்பின், எஞ்சின் அவ்விடத்தில் நின்றபோதெல்லாம் ஸ்டார்ட்டர் பற்றாது. கியரில் இட்டு வண்டியைச் சிறிது தள்ளினால் வேறு பல் நேர்ப்பட்டு எழும்.

இங்கு இரண்டு விதிகளை மறத்தலாகாது. நோய் தோன்றியுள்ள வேளையிலேயே சோதிக்கவேண்டும். மறைந்தபின் சோதித்தல் வீண். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றவேண்டும். பிளக்கை மாற்றிக் கார்புரேட்டரையும் துடைத்து வண்டி எழுந்துவிட்டால், எதனால் எழுந்தது என்று அறிய வழியின்றி, நோய் மீண்டும் வந்தபோது பழைய இருளிலேயே நிற்போம். இக்காலக் கார்களில் கணிப்பொறி நோயின் குறியைப் பதிந்து வைக்கிறது. ஆயினும் அது பழுது எப்பகுதியில் என்று சுட்டுமேயன்றி, தளர்ந்த கம்பியா, சூட்டில் செயலிழக்கும் சென்சாரா, தேய்ந்த ரிலேயா என்று கூறாது. அதனைக் காண்பது மனிதன் அறிவே.

நாயுடு அவர்கள் ரட்ஜ் வண்டியைக் கழற்றிப் பூட்டியதன் பயன் இங்கே விளங்கும். உறுப்புகளின் பெயரை மட்டும் அறிந்தவன் ஊகத்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பொருளைச் செலவிடுவான். உறுப்புகளின் தொடர்பை அறிந்தவன் காரணம் நாடிச் செல்வான்.

புதியன படைத்தல்

பொறியின் உள்ளத்தை அறிந்தவர் பொறிகளைப் படைக்கவும் முற்பட்டார். பீளமேட்டில் அமைந்த நாஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலையில், டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு கூடி 1937-இல் மின்சார மோட்டார் செய்யப்பட்டது. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று இதனைப் போற்றுவர். உலர்ந்த மின்கலங்களால் இயங்கும் சவரக்கத்தி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் பொறி, வாக்குப் பதியும் பொறி ஆகியனவும் அவர் படைப்புகள். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர இயலும் என்று 1941-இல் அறிவித்தார். 1952-இல் இருவர் அமரத்தக்க பெட்ரோல் காரை 2000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசு உரிமம் கிடைக்காமையால் அது மக்கள் கைக்கு எட்டவில்லை. பருத்திப் பயிரிலும் ஆய்வு நிகழ்த்தி, ஆளுயரத்துக்கு மேல் வளரும் செடிகளை விளைவித்தார்.

கல்விப் பணி

பள்ளியை வெறுத்து ஓடியவர் கல்லூரி காணவும் துணிந்தார். 1945-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்பயிற்சிப் பள்ளியும் பொறியியற் கல்லூரியும் தோன்ற அவர் பெருந்துணையாயிருந்து, தலைவராகவும் பணிபுரிந்தார். அக்கல்லூரியே பின்னர் வேறிடம் பெயர்ந்து அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று; அவினாசிச் சாலையில் ஹோப் காலேஜ் என்னும் இடப்பெயர் மட்டும் பழைய நினைவைக் காத்து நிற்கிறது. பொறியியலை நான்காண்டு கற்பித்தல் காலத்தை வீணாக்கும். கைப்பயிற்சியோடு இரண்டாண்டு போதும் என்பது அவர் கொள்கை. ஆங்கில அரசு அதனை ஏற்கவில்லை. அவர் பதவி துறந்தார். இரண்டாண்டு போதுமா என்பதில் அறிஞர் மாறுபடுவர். நாமும் அதனை முடிவு செய்யப் புகவில்லை. ஆனால், எண்ணெய் படாத கையோடு பொறியறிஞன் பட்டம் பெறுதல் தகாது என்ற அவர் கவலை பொய்யென்று கூறுவார் எவருமிலர்.

முடிவுரை

நாயுடு அவர்கள் 1974-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் இயற்கை எய்தினார். கோயமுத்தூர் அவினாசிச் சாலையில் 2025-இல் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் நீள உயர்மட்டப் பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அச்சாலையின் கிழக்கே கருமத்தம்பட்டியிலும் சோமனூரிலும் விசைத்தறிகள் இரவும் பகலும் இயங்குகின்றன. ஒரு மோட்டார் நின்றால் ஒரு குடும்பத்தின் அன்றைய கூலி நிற்கும்.

ஆதலின் நம் மாணாக்கர் பொறியொன்று பிணங்கும்போது, விதியை நோவதும் கண்டதையெல்லாம் மாற்றுவதும் விடுத்து, நோய் வரும் வேளையைக் குறித்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து, காரணத்தைக் கையாற் காணும்வரை அமையாதிருத்தல் வேண்டும். கலங்கல் ஊரில் தோன்றிய அப்பெரியார்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி இதனினும் சிறந்தது வேறில்லை.