நட்டாலத்துத் தேவசகாயம்

குமரி மண்ணின் நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலர். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைத்தலைவராக உயர்ந்த டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் நட்பு அவருக்கு வாய்த்தது. உடைமைகளை இழந்து அவர் துயருற்றிருந்த வேளையில், விவிலியத்து யோபுவின் வரலாற்றை டிலனாய் எடுத்துரைத்தார். அனைத்தும் இழந்தும் இறைவனைப் பழிக்காத அம்மனிதரில் நீலகண்டர் தம்மையே கண்டார் போலும்.

1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். லாசரு என்னும் பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. இறையருளுக்கு இதனினும் எளிய தமிழ் உண்டோ? கவிஞர் பெருமக்களே கூறவேண்டும். மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார்.

கிறிஸ்துவின் மீட்பு எல்லார்க்கும் உரியதெனின் பந்தியில் வேற்றுமை ஏது? தாழ்த்தப்பட்டோருடன் அவர் ஒன்றாய் அமர்ந்துண்டார். அரண்மனைச் சூழலில் பகை மூண்டது. அரசத் துரோகம் என்று குற்றம் சாற்றப்பட்டது. 1749-இல் சிறைப்பட்டவரை எருமைமீது ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டு சென்றனர். அடித்த புண்களில் மிளகாய்ப்பொடி தூவினர் என்பது வழிவழிச் செய்தி. கொண்ட வழிபாட்டை அவர் கைவிடவில்லை.

1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் துயில்கிறது. 2022 மே 15-இல் உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, 'பிள்ளை' என்னும் சாதிப்பெயர் விலக்கப்பட்டுத் தேவசகாயம் என்ற பெயர் மட்டுமே ஒலித்தது.